தாவர மண எண்ணெய்களில் களைக்கொல்லி தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திட்டப்பணிக்காகக் கேட்கும் மாணவர்களுக்கும், தோட்டத்துக்காகக் கேட்கும் இயற்கை விவசாயிகளுக்கும் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். எளிதானவை முதலில், வம்பானவை பின்னால்.

எண்ணெய் அடிச்சா களை சாகும்னு சொல்றாங்களே, அது வேப்பெண்ணெய் மாதிரியா?

இல்லை. வேப்பெண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் விதையைப் பிழிந்து எடுக்கும் கொழுப்பெண்ணெய். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் கறை அப்படியே நிற்கும். இங்கே பேசுவது பெரும்பாலும் நீராவியில் வடித்தெடுக்கும் மண எண்ணெயைப் பற்றி: நீலகிரித் தைலம், கிராம்புத் தைலம், எலுமிச்சைப்புல் தைலம் ஆகியவை இந்த வகை. இவற்றைக் காகிதத்தில் விட்டால் பெரும்பகுதி ஆவியாகிப் போகும்.

ஒவ்வொரு மண எண்ணெயும் பல பத்துச் சேர்மங்களின் கலவை. சினியோல், லிமோனின், சிட்ரால் போன்ற டெர்பீன்கள் ஒரு பக்கம்; யூஜினால், சின்னமால்டிஹைடு போன்ற பென்சீன் வளையக்காரர்கள் இன்னொரு பக்கம். களையைக் கொல்வது பெரும்பாலும் இவற்றில் ஒன்றோ இரண்டோதான். அது எது என்று பிடிப்பதுதான் ஆராய்ச்சி. எண்ணெய் பட்டு இலை கருகியது என்பது அதன் தொடக்கம் மட்டுமே.

எந்த எண்ணெய்க்கு வீரியம் அதிகம்?

2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் தாமஸ் ட்வொர்கோஸ்கி 25 மண எண்ணெய்களை டான்டிலியன் என்ற களையின் இலைத்துண்டுகளில் சோதித்தார். 1 சதவீதக் கரைசலிலேயே செல்லைக் கசியவைத்து முன்னால் நின்றவை லவங்கப்பட்டை, கிராம்பு, மூலிகைகளான சிவப்புத் தைம், சவரி ஆகியவற்றின் எண்ணெய்கள். லவங்கப்பட்டை மர எண்ணெயில் வேலை செய்த பொருள் யூஜினால் என்றும் அவர் காட்டினார். அதன்பின் 5 முதல் 10 சதவீதத்தில், ஒட்டும் திரவத்தோடு, ஜான்சன் புல், சக்கரவர்த்திக் கீரை, ராக்வீட் ஆகிய களைகளின் மீது தெளித்தபோது ஒரு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தண்டும் இலையும் செத்தன.

கிராம்பு எண்ணெய் பட்ட இலையை அருகில் வைத்துப் பார்த்தால் வரிசை தெரியும். முதலில் துளி விழுந்த இடம் மட்டும் கரும்பச்சையாகி, வெந்த கீரை போல ஈரம் கோத்து நிற்கும். பிறகு இலை துவண்டு தொங்கும். வெயில் இருந்தால் அன்றைக்கே பழுப்பாகிச் சுருளும். துளி விழாத பாதி இலை பச்சையாகவே இருக்கும். அந்தப் பச்சைப் பாதிதான் அடுத்த கேள்விக்கான பதில்.

அப்போ கிராம்பு எண்ணெயை வாங்கி அடிச்சா முடிஞ்சுதே, எதுக்கு ஆராய்ச்சி?

முதலில் கணக்குப் போடுங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிப்பு, 5 சதவீதம் என்றால் 10 லிட்டர் கிராம்பு எண்ணெய் வேண்டும். அது ஏறத்தாழ 10.5 கிலோ. மொட்டிலிருந்து 15 சதவீதம் எண்ணெய் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும் 70 கிலோ கிராம்பு தேவை. கன்னியாகுமரி மாவட்டத்து மலைத்தோட்டக்காரர் யாரும் சாரணையைக் கொல்ல 70 கிலோ கிராம்பைக் கொடுக்க மாட்டார்.

இரண்டாவது, இது பட்ட இடத்தை மட்டும் எரிக்கும். செடிக்குள் ஓடி வேருக்குப் போகாது. குப்பைமேனி, சாரணை, பருப்புக்கீரை போன்றவை இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்தில் அடித்தால் சாகும். கோரைக்கு மேல் இலை மட்டும் கருகும், கிழங்கிலிருந்து மறுபடி கிளம்பிவிடும். அருகும் அப்படித்தான். மற்றப் புற்களிலும் குருத்து அடியில் உறைக்குள் ஒளிந்திருப்பதால் அகன்ற இலைக் களை அளவுக்குச் சாவதில்லை.

ஆகவே ஆராய்ச்சி தேடுவது வேறொன்றை: கிராம் கணக்கில் போட்டாலே போதும்படி, செடியின் ஒரு குறிப்பிட்ட நொதியை அடைக்கும் மூலக்கூறை.

காலேஜ் லேபில் எண்ணெய் வடிக்கிறேன். கிராம்பு போட்டா எண்ணெயே வரலை, ஏன்?

வந்திருக்கும், தவறான இடத்தில் தேடுகிறீர்கள். சாதாரண கிளெவெஞ்சர் கருவி, தண்ணீர் மேல் மிதக்கும் எண்ணெய்க்கானது. கிராம்பு எண்ணெயின் அடர்த்தி 1.04 முதல் 1.07 வரை, அது தண்ணீருக்கு அடியில் போய், திரும்பும் குழாய் வழியாக மறுபடி குடுவைக்கே போய்விடும். கனமான எண்ணெய்க்கென்று தனியாக வரும் சேகரிப்புக் குழாயைப் பொருத்துங்கள். லவங்கப்பட்டை எண்ணெய்க்கும் இதே கதைதான்.

அளவு: 2 லிட்டர் குடுவையில் 100 கிராம் கிராம்பு, 1 லிட்டர் தண்ணீர், மூன்று நான்கு மணி நேரம். கிராம்பைக் கொரகொரப்பாக உடைத்தால் போதும். மிக்ஸியில் மாவாக அரைத்தால் சூட்டில் எண்ணெய் பறக்கும், குடுவையிலும் நுரை பொங்கும். கிடைத்த எண்ணெயில் நீரற்ற சோடியம் சல்ஃபேட் கொஞ்சம் போட்டு ஈரத்தை எடுத்து, பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி, ஃபிரிட்ஜில் வையுங்கள். குப்பியில் காலி இடம் விட்டால் உள்ளே இருக்கும் காற்றே எண்ணெயைக் கெடுக்கும்.

முளைப்புச் சோதனை எப்படி வைக்கிறது?

9 செ.மீ பெட்ரி தட்டு, இரண்டு வடிதாள், 20 அல்லது 25 விதை, 5 மி.லி. கரைசல், ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது நான்கு தட்டு. எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பதால் எண்ணெயையும் தண்ணீரையும் கலக்கவைக்கும் ட்வீன்-20 என்ற பொருளை 0.05 முதல் 0.1 சதவீதம் சேர்த்துக் கலக்க வேண்டும். செறிவுகளை 0.1, 0.3, 1, 3 மைக்ரோலிட்டர்/மி.லி. என்று பெருக்கு வரிசையில் வையுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போனால் பாதி விதையைத் தடுக்கும் செறிவு வரிசைக்கு வெளியே விழுந்துவிடும். ஏழாம் நாள் முளைத்தவற்றை எண்ணுங்கள். முளைவேர் 2 மி.மீ. நீண்டிருந்தால் முளைத்ததாகக் கணக்கு. வேர் நீளத்தையும் அளக்க வேண்டும், ஏனென்றால் முளைப்பு குறையும் முன்பே வேர் குறுகிவிடும்.

லெட்டூஸ் விதை ஒரே சீராக முளைக்கும் என்பதால் முதலில் சலித்தெடுக்க நல்லது. ஆனால் அதோடு நிறுத்தினால் கட்டுரை லெட்டூஸைப் பற்றியதாகிவிடும். உண்மையான ஒரு புல் களை, ஓர் அகன்ற இலைக் களை இரண்டும் வேண்டும். பார்த்தீனியம் எடுத்தால் கையுறை போடுங்கள், தோல் அரிப்பு வரும்.

கன்ட்ரோல் தட்டிலும் விதை முளைக்கலையே?

பெரும்பாலும் மூன்றில் ஒரு காரணம். முதலாவதும் அடிக்கடி நடப்பதும் ஆவி. ஒரே இன்குபேட்டரில் எண்ணெய்த் தட்டும் கன்ட்ரோல் தட்டும் இருந்தால், சினியோலோ சிட்ராலோ பக்கத்துத் தட்டுக்குள் போய்விடும். ஒவ்வொரு தட்டையும் பாராஃபிலிம் சுற்றி மூடுங்கள். முடிந்தால் கன்ட்ரோலை வேறு பெட்டியில் வையுங்கள். இரண்டாவது விதை உறக்கம்: புதிதாகப் பறித்த களை விதை பல சமயம் முளைக்க மறுக்கும். எண்ணெயே இல்லாமல் தண்ணீரில் மட்டும் முன்சோதனை செய்து, 80 சதவீதமாவது முளைக்கும் விதையைத்தான் எடுக்க வேண்டும். மூன்றாவது ட்வீன் அளவு கூடிப்போவது. வெறும் தண்ணீர், ட்வீன் மட்டும் என்று இரண்டு கன்ட்ரோல் வைத்தால் இது உடனே தெரிந்துவிடும்.

எண்ணெய் வேலை செய்யுது. அதுக்குள்ள எந்தப் பொருள்னு எப்படிப் பிரிக்கிறது?

பிரி, சோதி, வேலை செய்த பகுதியை மட்டும் மறுபடி பிரி. கண்ணாடிக் குழாயில் சிலிக்கா ஜெல் நிரப்பி, முதலில் வெறும் ஹெக்சேன் விடுங்கள். லிமோனின், கேரியோஃபில்லின் போன்ற ஆக்சிஜன் இல்லாதவை இறங்கும். பிறகு எத்தில் அசிடேட்டை 5, 10, 20 சதவீதமாகக் கூட்டினால் ஆக்சிஜன் உள்ளவை வரும். டிஎல்சி (மென்படல நிறப்பிரிகை) தகட்டில் வனிலின்–கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்கினால் டெர்பீன்கள் வண்ணப் பொட்டாகத் தெரியும். ஒரே மாதிரிப் பொட்டு உள்ள பகுதிகளை ஒன்றாகச் சேருங்கள். கரைப்பானை விரட்டும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: ரோட்டரி எவாப்பரேட்டரில் வெந்நீர், முழு வெற்றிடம் என்று போட்டால் ஹெக்சேனோடு மோனோடெர்பீன் என்ற எளிதில் ஆவியாகும் சிறிய டெர்பீன்களும் போய்விடும். அப்புறம் "இந்தப் பகுதிக்கு வீரியமில்லை" என்று எழுதுவார்கள். உண்மையில் அந்தக் குப்பியில் பொருளே இல்லை.

கிராம்புக்குக் குறுக்குவழி உண்டு. யூஜினால் ஒரு பீனால் என்பதால் 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலோடு குலுக்கினால் அது தண்ணீர்ப் பக்கம் போய்விடும். மற்றவை ஹெக்சேனில் நிற்கும். தண்ணீர்ப் பகுதியில் அமிலம் சேர்த்தால் யூஜினால் திரும்பி வரும். இரண்டு பகுதியையும் தனித்தனியே சோதித்து, பிறகு பழைய விகிதத்தில் கலந்தும் சோதியுங்கள். கலந்தபோது மட்டும் பழைய வீரியம் திரும்பினால், பொருள்கள் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன என்று பொருள்.

ஜிசி-எம்எஸ் ரிப்போர்ட்ல பெரிய பீக் எதுவோ அதுதானே காரணம்?

இந்தப் பாடத்தில் இதைவிடப் பரவலான தவறு கிடையாது. ஜிசி-எம்எஸ் கலவையில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அடையாளம் காட்டும் கருவி; பெரிய பீக் (முகடு) என்றால் அந்தப் பொருள் அதிகமாக இருக்கிறது, அவ்வளவுதான். நியூசிலாந்தின் மனூக்கா என்ற செடியின் எண்ணெயில் பாதிக்கு மேல் செஸ்குவிடெர்பீன்கள் என்ற கனமான டெர்பீன்கள். களையை வெளுக்கவைப்பதோ அவற்றைவிடக் குறைவாக இருக்கும் டிரைகீட்டோன்கள், குறிப்பாக லெப்டோஸ்பெர்மோன்.

இன்னொன்று, கருவியின் நூலகம் சொல்லும் பெயரை அப்படியே நம்பாதீர்கள். லிமோனின், பைனீன், பெலாண்ட்ரின் எல்லாம் ஒரே மூலக்கூறு எடை 136, நிறமாலைகளும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆல்கேன் வரிசையை ஓட்டி, வெளிவரும் நேரக் குறியெண்ணை (retention index) கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். சாதாரண முனைவற்ற குழாயில் லிமோனினும் 1,8-சினியோலும் ஏறத்தாழ ஒன்றாகவே வெளிவரும். சந்தேகம் வந்தால் தூய சினியோலை வாங்கிச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.

இலை கருகினால் ஒரு வகை, வெளுத்தால் ஒரு வகைன்னு சொல்றாங்க. எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

வெள்ளரி வித்திலையில் 4 மி.மீ. வட்டங்கள் 50 வெட்டி, 2 சதவீதச் சர்க்கரை சேர்த்த, பிஎச் 6.5 உள்ள 5 மி.லி. தாங்கல் (பஃபர்) கரைசலில் போடுங்கள். சோதிக்கும் பொருளைச் சேர்த்து ஓரிரவு இருட்டில் வைத்து, பிறகு வெளிச்சத்துக்கு மாற்றி, கரைசலின் மின்கடத்தும் திறனை அவ்வப்போது அளக்க வேண்டும்; செல்லிலிருந்து உப்பு கசியக் கசிய அது ஏறும். கடைசியில் வட்டங்களைக் கொதிக்கவைத்தால் வரும் அளவு நூறு சதவீதக் கசிவு.

இருட்டிலேயே கசிவு எகிறினால் பொருள் நேரடியாகச் செல்சவ்வைக் குலைக்கிறது; யூஜினால் இந்த ரகம். வெளிச்சம் பட்ட பிறகுதான் கசிகிறது என்றால் ஒளியோடு சேர்ந்து வேலை செய்யும் பொருள். கசிவு பெரிதாக இல்லாமல், நாற்றில் புதிதாக வரும் இலை மட்டும் வெள்ளையாக வந்தால் உற்சாகப்படலாம்: பச்சையத்தை வெயிலிலிருந்து காக்கும் கரோட்டினாய்டு நிறமியின் தயாரிப்பு எங்கோ அடைபட்டிருக்கிறது. மேலே தேடுவதாகச் சொன்ன நொதியடைப்பான் இப்படித்தான் முகம் காட்டும்.

பாட்டில் பிரஷ் மரத்திலிருந்து களைக்கொல்லி வந்ததுன்னு சொல்றது உண்மையா?

உண்மை. நம்மூர்ப் பூங்காக்களில் சிவப்புத் தூரிகை போலப் பூக்கும் அதே ஆஸ்திரேலிய மரம்தான். 1977இல் கலிஃபோர்னியாவில் ஸ்டாஃபர் கெமிக்கல் நிறுவன விஞ்ஞானி ஒருவர் அதன் அடியில் களை குறைவாக இருப்பதைக் கவனித்தார். பிரித்துப் பார்த்ததில் லெப்டோஸ்பெர்மோன் கிடைத்தது. அது தனியாக வயலுக்குப் போதுமான வீரியமுள்ளதாக இல்லை. அதன் வடிவத்தை ஒட்டிச் செய்த மூலக்கூறுகளில் ஒன்றான மீசோட்ரியோன் 2001இல் மக்காச்சோளத்துக்குச் சந்தைக்கு வந்தது. ஹெக்டேருக்கு 100–150 கிராம் அளவில் வேலை செய்கிறது. கிராம்பின் 10 லிட்டர் கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள்.

இவை அடைப்பது எச்பிபிடி என்ற நொதியை. அது நின்றால் கரோட்டினாய்டு தயாரிப்புக்குத் தேவையான பிளாஸ்டோகுவினோன் தீரும், கரோட்டினாய்டு உண்டாகாது, பாதுகாப்பு இல்லாத பச்சையத்தை வெயிலே அழிக்கும். அதே நொதி மனிதரிலும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் சிதைவில் இருக்கிறது. இந்த வரிசையில் வந்த நிடிசினோன், டைரோசினீமியா என்ற பிறவி நோயுள்ள குழந்தைகளுக்கு 1991இலிருந்து மருந்தாகப் பயன்படுகிறது. களைக்கொல்லித் தேடலில் உயிர்காக்கும் மருந்து கிடைத்தது அபூர்வம்.

அப்போ எந்தச் செடி அடியில புல் முளைக்கலையோ, அதுல களைக்கொல்லி இருக்குன்னு எடுத்துக்கலாமா?

கூடாது. 1964இல் கலிஃபோர்னியாவின் சால்வியா புதர்களைச் சுற்றி வெறும் மண் வளையம் இருப்பதற்கு, அவை விடும் கற்பூரமும் சினியோலும்தான் காரணம் என்று முல்லர் என்ற ஆய்வாளரின் குழுவினர் எழுதினார்கள். 1970இல் பார்த்தலோமியூ என்ற இன்னோர் ஆய்வாளர் அந்த வளையத்தில் கம்பிவலைக் கூண்டு வைத்தார். கூண்டுக்குள் புல் முளைத்தது. புதரில் ஒளிந்திருந்த எலிகளும் முயல்களும் வெளியே வந்து மேய்ந்ததும் ஒரு காரணம் என்று தெரிந்தது.

நீலகிரி யூகலிப்டஸ் தோப்புக்கும் இதே எச்சரிக்கை. நிழல், தடித்த சருகு, வறண்ட மேல்மண் எல்லாம் சேர்ந்தே அங்கே வேலை செய்கின்றன. இலைச் சாற்றில் சோதிப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை: 10 சதவீதச் சாற்றில் உப்பும் சர்க்கரையும் இருக்கும், அந்தச் சவ்வூடு அழுத்தமே முளைப்பைத் தடுக்கலாம். அதே அழுத்தத்துக்கு பாலிஎத்திலீன் கிளைகால் கரைசல் ஒன்றைக் கன்ட்ரோலாக வையுங்கள்.

நீலகிரித் தைலத்திலயும் ஏதாவது கிடைச்சிருக்கா?

அதன் பெரும்பகுதி 1,8-சினியோல். முளைப்பைத் தடுக்கும், ஆனால் சீக்கிரம் பறந்துவிடும். அதன் நெருங்கிய உறவான 1,4-சினியோலின் மீது ஒரு பென்சைல் ஈத்தர் வாலைப் பொருத்தி, ஆவியாவதைக் குறைத்து, ஷெல் நிறுவனம் 1980களில் கொண்டுவந்ததுதான் சின்மெத்திலின். பிறகு மறக்கப்பட்டு, 2020 வாக்கில் ஆஸ்திரேலியாவில் கோதுமையில் ரைபுல் என்ற களைக்கு எதிராக மறுபடி வந்தது.

அது எதை அடைக்கிறது என்பதை மூன்று முறை மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள்: 2000இல் அஸ்பராஜின் சிந்தெட்டேஸ், 2012இல் டைரோசின் அமினோடிரான்ஸ்ஃபரேஸ், 2018இல் கொழுப்பமில தயோஎஸ்டரேஸ். கடைசியாகச் சொன்னதே இப்போது ஏற்கப்பட்டது. திட்டப்பணியில் "செயல்முறை கண்டறியப்பட்டது" என்று எழுதும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எலுமிச்சை மணமுள்ள யூகலிப்டஸ் வேறு ஜாதி, சிட்ரோனெல்லால் நிறைந்தது. அதைச் சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழகத்தார் பார்த்தீனியத்தின் மீது சோதித்தனர். பச்சையமும் சுவாசமும் குறைந்து, சவ்வு கசிந்தது.

பெட்ரி தட்டில் எல்லாம் செத்துது, தொட்டியில் ஒண்ணுமே ஆகலையே?

மூடிய தட்டில் ஆவி போக இடமில்லை, தொட்டியில் பறந்துவிடுகிறது. மிச்சத்தை மண்ணின் மட்கு பிடித்துக்கொள்ளும், நுண்ணுயிர் தின்றுவிடும். மனூக்கா எண்ணெய் இதில் விதிவிலக்கு: லெப்டோஸ்பெர்மோன் அவ்வளவாக ஆவியாவதில்லை, மண்ணில் ஒரு வாரமாவது வீரியத்தோடு நிற்கும், அதனால் முளைக்கும் முன் போடவும் உதவும்.

இலையில் தெளிப்பதானால் கலவை முக்கியம். ஒரு லிட்டருக்கு 50 மி.லி. எண்ணெய், 10–15 மி.லி. ட்வீன்-80. இரண்டையும் முதலில் ஒன்றாகக் கலந்து, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினால் பால் போல வரும். தண்ணீரில் எண்ணெயைக் கொட்டினால் கலக்காமல் பிரிந்து நிற்கும். டேங்கிலிருந்து ஒரு நேரம் வெறும் தண்ணீரும் இன்னொரு நேரம் வெறும் எண்ணெயும் வரும். போர் தண்ணீரில் சோப்பு திரிந்து நாசிலை அடைக்கும், ஆகவே சோப்பைத் தவிருங்கள். வெயில் உள்ள, காற்றில்லாத நேரத்தில், இலை முழுக்க நனையும்படி நுண்துளியாக அடியுங்கள்.

பயிர் மேல பட்டா?

பயிரும் கருகும். மக்காச்சோளம் மீசோட்ரியோனைத் தாங்குவது அதை வேகமாகச் சிதைத்துவிடுவதால்தான். சவ்வைக் குலைக்கும் எண்ணெய்க்கு அப்படி எந்தத் தயவும் இல்லை. நாசிலுக்கு மூடி போட்டு வரிசைக்கு நடுவிலோ, விதைப்புக்கு முன்போ மட்டும் அடிக்கலாம்.

போன தடவை கொன்ன எண்ணெய் இந்தத் தடவை கொல்லலை. கலப்படமா?

இருக்கலாம், ஆனால் முதலில் வேதி ரகத்தைப் பாருங்கள்: ஒரே இனச் செடியிலும் எண்ணெயின் சேர்மங்கள் வேறுபடலாம். மனூக்காவில் நியூசிலாந்தின் ஈஸ்ட் கேப் பகுதி எண்ணெயில்தான் டிரைகீட்டோன் அதிகம். வேறு பகுதி எண்ணெய்க்கும் பெயர் அதேதான். எலுமிச்சைப்புல்லில் சிட்ரால் காற்றுப் பட்டுக் குறையும். ஒவ்வொரு தொகுதியையும் ஜிசியில் ஓட்டி, முக்கியப் பொருளின் சதவீதத்தைக் குறித்து, அந்தக் கணக்கில் அளவைச் சரிசெய்யுங்கள்.

இயற்கைதானே, கையால தொட்டா என்ன?

யூஜினாலும் சிட்ராலும் தோல் ஒவ்வாமையைக் கிளப்பும். ஒருமுறை வந்தால் பிறகு துளி பட்டாலும் வரும். கண்ணாடியும் நைட்ரைல் கையுறையும் கட்டாயம். நீலகிரித் தைலம் சில மி.லி. வயிற்றில் போனாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம், குப்பியை எட்டாத உயரத்தில் வையுங்கள். கிராம்பு எண்ணெய் மீன்களை மயக்கப் பயன்படுவது; குளத்துக் கரையில் தெளிக்காதீர்கள். லிமோனின் ஏறத்தாழ 48 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவி விடும், ரப்பர் வாஷரையும் ஊதவைக்கும். தெளிப்பானில் 'விட்டான்' (Viton) என்ற வகை ரப்பர் வாஷர் போட்டு, வேலை முடிந்ததும் ட்வீன் கலந்த தண்ணீரால் கழுவுங்கள்.

நானே கலந்து பாட்டிலில் விற்கலாமா?

அமெரிக்காவில் கிராம்பு, லவங்கப்பட்டை, எலுமிச்சைப்புல் எண்ணெய்கள் குறைந்த ஆபத்துப் பட்டியலில் இருப்பதால் நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. அதைப் பார்த்து இங்கே தொடங்கிவிடாதீர்கள். இந்தியாவில் 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் களைக்கொல்லியும் அடக்கம். "களையைக் கொல்லும்" என்று லேபிளில் எழுதி விற்க, மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவுக் குழுவில் பதிவு வேண்டும். வேதிப் பகுப்பாய்வு, நச்சுச் சோதனை, வயல் சோதனைத் தரவுகள் கேட்பார்கள். தொகுதிக்குத் தொகுதி ஒரே வீரியம் என்று காட்டும் இடத்தில்தான் மண எண்ணெய்க்காரர்கள் திணறுகிறார்கள். விற்கும் எண்ணம் இருந்தால் முதல் வடிப்பிலிருந்தே ஜிசி பதிவுகளைத் தேதியோடு கோப்பில் சேர்த்து வாருங்கள்.